வாசல் நிலையும் மாரி மழையும்

தைப்பொங்கல் நெருங்கிவிட்டால் வீட்டுக்கு வெள்ளையடித்துக் கதவு, யன்னல்களுக்கு வர்ணம் பூசுவது யாழ்ப்பாணத்து இல்லங்களில் நெடுநாளாக நிலவிவரும் வழக்கம். வழக்கம் நல்லதே, காலந்தான் பொருத்தமற்றது என்பதை நாம் பணத்தை இழந்தே அறிந்துகொண்டோம்.

எமது தலைவாசலின் நிலையும் கதவும், பாட்டனார் வளவில் நின்ற வேம்பை அரிந்து செய்வித்தவை. சில ஆண்டுகளுக்கு முன், மார்கழிக் கடைசியில், மழை விட்ட மூன்றாம் நாளே அவற்றுக்குப் பச்சை வர்ணம் பூசுவித்தோம். பொங்கலன்று வந்தோர் யாவரும் புகழ்ந்தனர். ஆனி பிறந்ததும் வர்ணம் கொப்புளித்து உரியத் தொடங்கிற்று. நாம் அழைத்துவந்த முதிய ஓடாவியார் கொப்புளத்தைப் பார்க்கவேயில்லை. குனிந்து, நிலையின் அடிக்காலில் உளிமுனையை வைத்து அழுத்தினார். உளி இரண்டங்குலம் தடையின்றி இறங்கிற்று.

"தம்பி, ஈரத்தை உள்ளுக்கு வைச்செல்லோ மூடிப்போட்டியள்" என்றார்.

அவர் கூறியதில் ஆழ்ந்த உண்மை உண்டு. மரத்தை உக்கச் செய்வது ஒருவகைப் பூஞ்சணம். மரத்தின் உலர்நிறையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக நீர் இருப்பின் அது வளரமாட்டாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையில் ஊறிய மரம் தை பிறந்தவுடன் உலர்ந்துவிடுவதில்லை. அந்நிலையில் பூசும் வர்ணம் நீர் வெளியேறும் வழியை அடைத்துவிடுகின்றது. மேலும், மரம் தன் பக்கங்களால் மெதுவாகவும், வெட்டுமுனையால் மிக விரைவாகவும் நீரை உறிஞ்சும். நிலைக்காலின் அடி அத்தகைய வெட்டுமுனையே. நாமோ விறாந்தையை உயர்த்தியபோது அதனைச் சிமெந்துக்குள் புதைத்துவிட்டோம்! பழைய வீடுகளில் மரத்தூண்கள் கற்பீடத்தின்மேல் நிற்பதன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. வேம்பைக் கறையான் எளிதில் அணுகாது என்ற நம்பிக்கையும் எமக்கு உதவவில்லை. பூஞ்சணம் வேறு, கறையான் வேறு.

வெயிலில் நரைத்த மரத்தைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. சூரியனின் ஊதாக்கடந்த கதிர்கள் மரத்தின் நார்களைப் பிணைக்கும் இலிக்னின் என்னும் பொருளைச் சிதைப்பதால் அந்நரை தோன்றுகின்றது. அது மேற்பரப்போடு நின்றுவிடும். ஆயினும் நரைத்த பரப்பில் வர்ணம் பற்றாது. நல்ல மரம் தெரியும்வரை தேய்த்தபின்னரே பூசவேண்டும். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஆதலின் நனைத்துத் தேய்ப்பதும், அவ்வேளை குழந்தைகளை அப்பால் வைத்திருப்பதும் அவசியம்.

ஓடாவியார் ஆனி வெயிலிலேயே வேலையைத் தொடங்கினார். உக்கிய பகுதியை மட்டுமன்றி, அதற்கு மேலும் ஒரு சாண் நல்ல மரத்தையும் சேர்த்து, மழைநீர் வெளிப்புறமாக வழியுமாறு சாய்வாக அரிந்தெடுத்தார். பழைய அடுக்களையின் வேப்பமர வளை ஒன்று கொட்டிலிற் கிடந்தது. அதிலிருந்து துண்டு செதுக்கி, வெட்டுமுனைகளை எண்ணெயில் ஊறவிட்டுப் பொருத்தினார். கடற்காற்றில் இரும்பாணி துருவேறும் என்று பித்தளைத் திருகாணிகளையே கேட்டு வாங்கினார். சிமெந்தைக் கொத்தி அகற்றி, அடியில் ஒரு கல்லை இருத்தினார்.

இப்போது நாம் தையில் உளிமுனையால் நிலையின் அடியையும் பொருத்துகளையும் குத்திப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கின்றோம். பூச்சு வேலை பங்குனியில், சித்திரைப் புத்தாண்டுக்கு முன் நடைபெறும். வர்ணத்தைக் கைவிட்டு ஆளிவிதை எண்ணெயையே பூசுகின்றோம். அவ்வெண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிதல் ஆகாது. அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றவல்லன. நீரில் நனைத்து, வெளியில் விரித்து உலர்த்தவேண்டும்.

வர்ணம் இல்லாமையால் ஒட்டுப்போட்ட இடம் வேறு நிறமாகத் தெரிகின்றது. எண்ணெயும் ஆண்டுதோறும் பூசவேண்டியிருக்கின்றது. அந்த ஒட்டுத்துண்டுக்கு யார் பூசுவது என்று வீட்டுப் பிள்ளைகள் இப்பொழுதே முறைவைத்துச் சண்டையிடுகின்றனர்.