சர்வீஸ் முடிஞ்ச பிறகும் ரேடியேட்டர் ஜில்லுனு இருக்கா? இதை முதல்ல செக் பண்ணுங்க!

ஏ.சி சர்வீஸ் பண்ணிட்டுப் போன மறுநாளே உள்ளே தண்ணீர் சொட்டுவது நம்ம ஊர்ல பழகிய கதைதான். படிக்கவோ, வேலைக்கோ பிரிட்டனுக்குப் போனவர்களுக்கு அதே கதை ஹீட்டிங்கில் நடக்கும். ரேடியேட்டரைக் கழற்றி மாட்டிவிட்டு பிளம்பர் கிளம்பியிருப்பார். ராத்திரி பார்த்தால் ரூம் ஃபிரிட்ஜ் மாதிரி இருக்கும். உடனே 'பாய்லர் போச்சு' என்று பதறாதீங்க. பெரும்பாலும் பிரச்னை பாய்லரில் இருக்காது, காற்றில்தான் இருக்கும்.

பாய்லர் சூடாக்கும் தண்ணீர் குழாய் வழியாக ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் போய்த் திரும்பி வரும். சுற்றுவது அதே தண்ணீர்தான். வேலைக்காக அதை வடித்துவிட்டு மறுபடி நிரப்பும்போது காற்றும் உள்ளே மாட்டிக்கொள்ளும். காற்று மேலேதானே நிற்கும்? அதனால் ரேடியேட்டரின் மேல்பாதி ஜில்லென்றும் கீழ்ப்பாதி சூடாகவும் இருக்கும். கையை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஹீட்டிங்கை ஆஃப் செய்து, ரேடியேட்டர் ஆறும்வரை பொறுங்கள். ஹார்டுவேர் கடையில் ரேடியேட்டர் சாவி கிடைக்கும். ரேடியேட்டரின் மேல் ஓரத்தில் இருக்கும் சின்ன சதுர முனையில் அதை மாட்டி, இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள். 'உஸ்ஸ்' என்று காற்று வரும். சத்தம் நின்று தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிடுங்கள், அவ்ளோதான். கீழே ஒரு பழைய துணியைப் பிடிக்க மறக்காதீங்க. அந்தத் தண்ணீர் கறுப்பாக வரும், வீட்டு ஓனரின் கார்ப்பெட்டில் பட்டால் அது தனிக் கதை! மாடி வீடென்றால் கீழ்த் தளத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

காற்று வெளியேறினால் பிரஷர் இறங்கும். பெரும்பாலான வீடுகளில் இருக்கும் காம்பி பாய்லரில் ஒரு மீட்டர் இருக்கும். ஆறிய நிலையில் முள் 1 முதல் 1.5 பாருக்குள் நிற்க வேண்டும். 1-க்குக் கீழே போனால் பல பாய்லர்கள் ஆன் ஆகவே அடம்பிடிக்கும். பொதுவாக பாய்லருக்குக் கீழே, வெள்ளிக் கம்பி பின்னிய மாதிரி ஒரு குழாயும் அதில் வால்வுகளும் இருக்கும். மெதுவாகத் திறந்து, முள் சரியான இடத்துக்கு வந்ததும் மூடுங்கள். மறந்தால் பிரஷர் 3 பாரைத் தொட்டு, சேஃப்டி வால்வு வழியாகத் தண்ணீர் வெளியே கொட்டும். நிரப்பியும் தினமும் முள் இறங்கினால், எங்கோ லீக். வேலை நடந்த இடத்து இணைப்புகளை முதலில் தடவிப் பாருங்கள்.

மற்றதெல்லாம் சூடாகி ஒன்று மட்டும் சதி பண்ணுதா? ரேடியேட்டரைக் கழற்றும்போது இரண்டு பக்க வால்வையும் மூடுவார்கள். பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு பக்க வால்வைத் திறக்க மறந்திருக்கலாம். பிளம்பருக்கு போன் போட்டு அதைக் கேளுங்கள். கீழே ஜில், மேலே சூடு என்றால் அது காற்றில்லை, உள்ளே படிந்த துருச்சேறு. அதை உங்களால் சரிசெய்ய முடியாது. கரன்ட்டை ஆஃப் செய்து வேலை பார்த்திருந்தால் டைமர் நேரம் மாறியிருக்கும், அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

பாய்லரின் மூடியை மட்டும் திறக்கவே கூடாது. அது கேஸ் சேஃப் பதிவு பெற்ற இன்ஜினீயரின் வேலை. கேஸ் வாசனை வந்தாலோ, கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தாலோ ஜன்னலைத் திறந்து வெளியே வந்துவிட்டு 0800 111 999-க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

வாடகை வீடா? ஹீட்டிங்கைச் சரியாக வைத்திருப்பது ஓனரின் சட்டப் பொறுப்பு. பிரஷர் முள்ளை போட்டோ எடுத்து, எந்த ரேடியேட்டர் எந்தப் பக்கம் ஜில்லென்று இருக்கிறது என்பதையும் சேர்த்து மெயில் தட்டிவிடுங்கள்.