ஆடும் காமிராவும் பேட்டி தராத தீவுவாசிகளும்

வேடந்தாங்கலில் உறவினர் வீடு. காலையில் ஏரிக்கரையில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் மத்தியானம் டிவியில் பெங்குவின் படம் போட்டுக்கொண்டார்கள். 2007-இல் சோனி நிறுவனம் வெளியிட்ட 'சர்ஃப்ஸ் அப்'. கோடி மேவரிக் என்னும் பெங்குவின் அண்டார்டிகாவிலிருந்து அலைச்சறுக்குப் போட்டிக்குக் கிளம்புகிறது. ஒரு படக்குழு கூடவே போய் அதை ஆவணப்படமாக எடுக்கிறது. அதாவது, விளையாட்டு ஆவணப்படம் போல வேஷம் கட்டிய கார்ட்டூன். சின்னவன் கேட்டான்: "மாமா, காமிரா ஏன் இப்படி ஆடுது?" நான் வாய் திறப்பதற்குள் அவன் அக்கா சொன்னாள்: "காமிராக்காரன் தண்ணியில நிக்கிறான்ல, அதான்."

கார்ட்டூனில் ஏது காமிராக்காரன்? ஏது தண்ணி? ஆனாலும் அவள் நம்பினாள். ஆவணப்படம் எடுக்கிற, திரையிடுகிற, அதை வைத்து இயக்கம் நடத்துகிற நாமும் இப்படித்தான் நம்புகிறோம் என்பதால் இதைக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

அந்த ஆட்டம் எப்படி வந்தது? ஸ்டுடியோவுக்குள் ஒருவர் நிஜமான காமிராவைக் கையில் பிடித்து அசைத்தார். அந்த அசைவைக் கணினி பதிவு செய்துகொண்டு காட்சியில் ஏற்றியது. நடிகர்களைச் சேர்த்து நிறுத்தி, ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட விட்டு ஒலிப்பதிவு செய்தார்கள். காமிராவுக்குப் பின்னாலிருந்து கேள்வி கேட்கும் குரல்கள் இயக்குநர்கள் ஆஷ் பிரானன், கிறிஸ் பக் ஆகியோருடையவை. பழைய படச்சுருளின் கீறல்கள்கூட வரைந்தவைதான். ஆட்டம், தடுமாற்றம், கீறல்: எதையெல்லாம் உண்மையின் முத்திரை என்று எடுத்துக்கொள்கிறோமோ அதையெல்லாம் தனியாகச் செய்து ஒட்ட முடிகிறது. உண்மையே கிடையாது என்று இதற்குப் பொருளில்லை. முத்திரையைப் பார்த்துவிட்டுச் சரக்கைச் சோதிக்காமல் விடுகிறோம், அவ்வளவுதான்.

படம் இன்னும் ஒருபடி போகிறது. பிக் ஸீ என்ற மாவீரன் பத்து வருஷத்துக்கு முன் போட்டியில் இறந்துபோனதாக எல்லோரும் சொல்கிறார்கள். அவன் நினைவாகத்தான் போட்டியே நடக்கிறது. ஆனால் அவன் அதே தீவின் காட்டுக்குள் உயிரோடு இருக்கிறான். தோல்வியைத் தாங்காமல் ஒளிந்துகொண்டவன். பழைய படச்சுருள் சாட்சி சொன்ன மரணம் நடக்கவே இல்லை! போட்டியின் முடிவிலும் நாயகன் ஜெயிப்பதில்லை. நண்பர்களுக்காகப் போட்டியை விட்டுக்கொடுக்கிறான். கோப்பை ஒரு கோழிக்குப் போகிறது. ஏழை, முயற்சி, குரு, வெற்றி என்கிற விளையாட்டுக் கதையாடலுக்கு இது நல்ல பகடி.

ஆனால் இத்தனை பகடிக்கும் தப்பிவிடுகிற ஓர் இடம் இருக்கிறது. அந்தத் தீவின் பூர்வகுடிப் பெங்குவின்கள். அவை கோழியைப் பிடித்துக் கொப்பரையில் வேகவைக்கப் பார்க்கின்றன. வந்தவனுக்கெல்லாம் பேட்டி உண்டு; தீவுக்காரனுக்கு இல்லை. காலனியப் பயணக் குறிப்புகளின் நரமாமிசப் பட்சிணி இங்கே இறகு முளைத்து நிற்கிறான். ஆவணப்படத்தின் உத்திகளை எல்லாம் கேலி செய்த படம், யாரைப் பேச விடுவது என்ற அதிகாரத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது.

இங்கிருந்து கிழக்கே கடற்கரைக்குப் போனால் கோவளம். மீனவர் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் மரப்பலகையில் அலையேறப் பழகி, பிறகு அங்கேயே அலைச்சறுக்குப் பள்ளி உருவாக்கியவர். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கரையில் அலையேறுதல் எப்போது தொடங்கியது? சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன், கப்பலில் வந்த வெள்ளைக்காரர்களை அலை தாண்டிக் கரை சேர்த்தது மசூலாப் படகு. கடிதங்களைக் கொண்டுபோனது கட்டுமரம். அந்தச் சொல்லைத்தான் 'கேட்டமரான்' என்று உலகமே சொல்கிறது. விடியற்காலையில் கட்டுமரத்தில் அலை தாண்டினால் தொழில். பலகையில் நின்றால் விளையாட்டு. இந்தக் கோட்டைக் கிழித்தவர் மீனவர் அல்ல. பத்திரிகைகளும் ஒரு மீனவ இளைஞரை மட்டும் தனியே பிரித்தெடுத்து நாயகனாக்குகின்றன. குப்பம் பின்னணிக் காட்சியாகிவிடுகிறது.

வேடந்தாங்கலுக்கும் இதே கதைதான். சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் நின்றார்கள். 1798-இல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாம் திரும்பத் திரும்பச் சொல்லும் கதையில் கலெக்டர் லயோனல் பிளேசுக்குப் பெயர் இருக்கிறது. போய் நின்றவர்கள் வெறும் 'ஊர்க்காரர்கள்'. இப்போது நானும் அப்படித்தானே எழுதினேன்?

சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் காமிராக்களுக்குப் பஞ்சமில்லை. தோழர்களின் காமிராவும் அதில் உண்டு. ஆட்டமும் அழுகையும் இருந்தால் போதும், மக்கள் சினிமா என்று பெயர் வைத்துவிடுகிறோம். யார் கேள்வி கேட்டது? எதை வெட்டி எறிந்தோம்? பேசியவரிடம் படத்தைப் போட்டுக் காட்டினோமா? அந்தப் பெண்பிள்ளையின் பதிலை நான் அன்றைக்குத் திருத்தவில்லை. முதலில் நாம் எங்கே நின்றுகொண்டு எடுக்கிறோம் என்பதைச் சொல்லியாக வேண்டும்: தண்ணியிலா, கரையிலா?