வீட்டுப் பேச்சு வீட்டோடு

ஹாலில் உட்கார்ந்தபடி பெட்ரூம் லைட்டை அணைக்கச் சொல்கிறோம், அணைகிறது. விளக்கு சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் நம் சொல் சுற்றிக்கொண்டு போகிறது. அலெக்ஸா போன்ற சேவைகளில் குரல் இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கே எழுத்தாகிக் கட்டளையாகி வீட்டுக்குத் திரும்புகிறது. வீட்டின் தானியங்கி அமைப்பை இத்தகைய சேவையோடு சேர்க்க இரண்டு கணக்குகளையும் இணைத்து அனுமதி தர வேண்டும். வெளியிலிருந்து வரும் கட்டளை வீட்டுக் கணினியை எட்டப் பாதுகாப்பான ஒரு பாதையும் வேண்டும். நெட் போனால் எல்லாம் போச்சு.

இதற்கு மாற்று, ஹோம் அசிஸ்டன்ட். பவுலஸ் ஸ்கௌட்சன் 2013இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. வெவ்வேறு கம்பெனிகளின் விளக்கு, ஃபேன், சென்சார்களை ஒரே இடத்திலிருந்து ஆள்வது இதன் வேலை. ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கணினியிலும் ஓடும். 2023ஐக் 'குரலின் ஆண்டு' என்று அறிவித்து, வீட்டை விட்டு வெளியே போகாத குரல் வசதியை இதில் சேர்த்தார்கள்.

அறையில் வைக்கும் குரல் கருவியின் மைக் எந்நேரமும் கேட்டுக்கொண்டிருக்கிறதே என்ற பயம் பலருக்கு உண்டு. கேட்பது உண்மைதான். ஆனால் அந்த நிலையில் அதற்கு மொழி எதுவும் தெரியாது. "ஓகே நபு" என்ற அழைப்பின் ஒலி வடிவத்தை மட்டும் அடையாளம் காணப் பழக்கிய குட்டி நியூரல் மாடல், கருவியின் சிப்பிலேயே ஓடுகிறது. வரும் ஒலியைத் துணுக்குத் துணுக்காகப் பார்த்து, பொருந்தாததை விட்டுவிடுகிறது. அழைப்பு பொருந்திய பிறகு பேசுவது மட்டுமே வீட்டுக் கணினிக்குப் போகும்.

அங்கே குரலை எழுத்தாக்க விஸ்பர் இருக்கிறது. 2022இல் ஓப்பன்ஏஐ இலவசமாக வெளியிட்ட மாடல் இது, தமிழும் அறியும். ஆனால் கணக்குப் போடும் வேலை அதிகம். ராஸ்பெர்ரி பை 4இல் ஒரு கட்டளைக்குச் சுமார் 8 நொடி பிடிக்கும், இன்டெல் நக் போன்ற மினி கணினியில் ஒரு நொடிகூட ஆகாது. 8 நொடி என்றால் எழுந்துபோய் ஸ்விட்சைத் தட்டிவிடலாம். குரலுக்காகவே கணினி வாங்குபவர்கள் இதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

எழுத்தான வாக்கியத்தில் செயல், பொருளின் பெயர், அறை என்ற மூன்றையும் மென்பொருள் தேடுகிறது. பெரும்பாலும் சறுக்குவது பெயரில்தான். ஆப்பில் 'லைட் 2' என்று வைத்துவிட்டுப் பூஜை ரூம் லைட்டைப் போடச் சொன்னால் அதற்கு எப்படித் தெரியும்? வீட்டில் ஒவ்வொருவரும் சொல்லும் பெயரைக் கேட்டு எழுதுங்கள். பாட்டி 'சாமி ரூம் லைட்' என்பார், பேரன் 'பூஜா லைட்' என்பான். ஒரே விளக்குக்கு இரண்டையும் மாற்றுப் பெயராகக் கொடுக்கலாம். கருவி எந்த அறையில் இருக்கிறது என்று குறித்துவைத்தால், அடுப்படியில் நின்று வெறுமனே லைட்டைப் போடச் சொன்னாலே அடுப்படி விளக்கு எரியும். பதிலைப் பேசிக் காட்டப் பைப்பர் என்ற மென்பொருள் இருக்கிறது.

இந்தக் குரல் வசதிக்கென்றே ஹோம் அசிஸ்டன்ட் குழுவினர் 2024 டிசம்பரில் 59 டாலர் விலையில் ஒரு கருவியையும் கொண்டுவந்தார்கள். அதன் பக்கவாட்டில் உள்ள ஸ்விட்சைத் தள்ளினால் மைக்குக்குப் போகும் மின்சாரமே துண்டிக்கப்படும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது அந்த ஸ்விட்ச்தான். வீட்டுக்குள் பேசுவது வீட்டோடு இருக்க வேண்டும், அதை வாக்குறுதியாகத் தராமல் வன்பொருளிலேயே செய்துவைத்திருக்கிறார்கள்.

முழங்கால் வலியோடு இரவில் எழுந்து ஸ்விட்ச் தேடும் பெரியவர் இருக்கும் அறையில் முதலில் இந்தக் கருவியைப் பொருத்துங்கள். எந்தெந்தப் பொருள் குரலுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று அமைப்புகளில் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். விளக்கு, ஃபேன் போதும். வாசல் பூட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று உரக்கச் சொன்னாலும் அதற்குக் கேட்கும்.