குழந்தைகளின் பேச்சு வளர்ச்சி: தோல் தொழில் பிரதேசத்துச் சங்க அங்கத்தினர்களுக்குச் சில யோசனைகள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களில், காலையில் தொழிற்சாலைப் பஸ் வந்து நிற்பதும், பெண்கள் சாப்பாட்டுப் பையுடன் ஏறிச் செல்வதும் அங்கத்தினர்கள் நன்கறிந்த காட்சியாகும். காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்களே. அவர்கள் வீடு திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. அதுவரை குழந்தை பாட்டியிடமோ, அங்கன்வாடியிலோ, பள்ளி விட்டு வரும் தமக்கையிடமோ இருக்கின்றது. குடும்பத்திற்கு இரண்டாவது சம்பளம் வருவது பெரும் நன்மையே. ஆயினும், பேச்சுக் கற்கும் பருவத்தில் அக் குழந்தையுடன் பேசுவோர் யார் என்பது சங்கத்தில் ஆலோசிக்கத்தக்க விஷயம்.

குழந்தை பாஷையைக் கேட்பதனால் மாத்திரம் கற்பதில்லை; தான் சொல்வதற்கு மறுமொழி கிடைப்பதனாலேயே கற்கின்றது. ஆட்டைச் சுட்டி அது “ஆ” என்கிறது. பெரியவர் “ஆமாம், ஆடு, ஆடு தழை தின்கிறது” என்று சொன்னால், ஒரு சொல்லும் ஒரு வாக்கியமும் அதற்குக் கிடைத்துவிடுகின்றன. கைப்பேசியும் தொலைக்காட்சியும் ஓயாமல் பேசுகின்றன. ஆனால் குழந்தை சொன்னதற்கு அவை காது கொடுப்பதில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2 வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் திரை வேண்டியதில்லை என்றும், 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணிக்கு மேற்படலாகாது என்றும் கூறியிருக்கின்றது. அடுப்படி வேலை முடியும் வரை குழந்தையின் அழுகையை நிறுத்தக் கைப்பேசியைக் கொடுப்பது எளிது என்பதை நாம் மறுக்கவில்லை. கீரை ஆயும் பாட்டியின் அருகே அமர்த்தி ஒவ்வோர் இலையாகக் கொடுக்கச் சொல்வதும் அத்துணை எளிதே.

இப் பிரதேசத்திற்கு விசேஷமான ஒரு சங்கதி உண்டு. பல வீடுகளில் தக்கனி உருது பேசப்படுகின்றது. சில வீடுகளில் தெலுங்கு. தெருவிலும் கடையிலும் தமிழ். 2006ஆம் ஆண்டுச் சட்டம் 1ஆம் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாய பாடமாக்கியது. இதனால் குழந்தை பின்தங்கிவிடுமோ என்றஞ்சி, வீட்டுப் பாஷையை விட்டுவிட்டு, தாங்களே தட்டுத்தடுமாறிப் பேசும் அரைகுறைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ குழந்தையுடன் பேச முயலும் பெற்றோர் உளர். இது நன்மை பயப்பதன்று. ஏன், எப்படி, பிறகு என்ன என்று வினவவும், நடந்ததை வரிசையாகச் சொல்லவும் தாய் பாஷையில் பழகிய குழந்தை, இரண்டாவது பாஷையில் சொற்களை மாத்திரம் தேடினால் போதும். ஒரு பாஷையிலும் நிறையப் பேசிப் பழகாத குழந்தைக்கோ இரண்டும் கடினமாகும். உருதுப் பாட்டி உருதுவிலேயே கதை சொல்லட்டும். தமிழ் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட்டில் வரும். சிறிது காலம் இரு பாஷைச் சொற்களையும் கலந்து பேசுவது குற்றமாகாது. அதற்காகக் கண்டிப்பதே பேச்சை அடைத்துவிடும்.

கையாளத்தக்க முறைகள் பல. பணம் வேண்டுவன அல்ல. விடுகதை போடலாம். தெரிந்த கதையை நடுவில் நிறுத்தி “அப்புறம்?” என்று கேட்டுக் காத்திருக்கலாம், காத்திருப்பதே முக்கியம், பெரியவர்கள் அவசரப்பட்டுத் தாமே விடை சொல்லிவிடுகிறார்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததைத் தாத்தா விவரித்து, குழந்தையை மறுநாள் வேறொருவருக்குச் சொல்லச் செய்யலாம். தோல் எவ்வாறு செருப்பாகிறது என்று தாயே வரிசையாகச் சொல்லலாம்: வெட்டுவது, தைப்பது, ஒட்டுவது, பெட்டியில் அடுக்குவது. தன் தாய் பகலெல்லாம் என்ன செய்கிறாள் என்று அறிய எக் குழந்தைக்கும் ஆசை உண்டு. ஆனால் தொழிற்சாலைத் துண்டுத் தோல்களை விளையாடக் கொடுத்தலாகாது. பெரும்பாலானவை குரோமிய உப்பினால் பதனிடப்பட்டவை, சிறு குழந்தையோ எதையும் வாயில் வைக்கும்.

புத்தகங்களைப் பொறுத்தவரை, 1931இல் மன்னார்குடிப் பக்கத்து மேலவாசலில் மாட்டுவண்டியிலேயே நூல்நிலையம் ஏற்றிக் கிராமந்தோறும் கொண்டு சென்றனர். 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. சுதந்திர இந்தியாவில் இவ்வகைச் சட்டங்களில் அதுவே முதல். ஆகவே அருகிலுள்ள கிளை நூலகத்தில் அங்கத்தினராகி, படக் கதைகளை மாற்றி மாற்றி எடுத்துவந்து சங்கக் கட்டடத்தில் ஒரு பெட்டியில் வைப்பது புதுமையும் அன்று, பெருஞ் செலவும் அன்று. எழுத்தறியாப் பாட்டியும் படத்தைக் காட்டிக் கதை சொல்லலாம். 2022இல் 1 முதல் 3 வகுப்புகளுக்கெனத் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் எழுத்தறிவிற்கு உதவுவதாயினும், பேசப் பழகாத குழந்தைக்கு எழுத்து வெறுங் கோடாகவே தோன்றும்.

இறுதியாக, சில குழந்தைகளின் மௌனத்திற்குக் காரணம் செவியாக இருக்கலாம். 1 வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாததும், 2 வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாததும், காதில் அடிக்கடி சீழ் வடிவதும் கவனிக்கத்தக்கன. “அவன் தகப்பனும் நேரங்கழித்தே பேசினான்” என்று காத்திருத்தல் தகாது. அங்கன்வாடி ஊழியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தெரிவித்தால், ஜில்லா ஆஸ்பத்திரியிலுள்ள ஆரம்ப இடையீட்டு மையத்திற்கு அனுப்புவார்கள். முற்றிலும் செவி கேளாத குழந்தைக்கு உட்செவிக் கருவி பொருத்தும் சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கும். அதற்கு வயது வரம்பு உண்டாதலால், சந்தேகம் தோன்றிய அந்த வாரத்திலேயே, ஒரு நாள் கூலி போனாலும், குழந்தையை அழைத்துச் செல்க.