விசைப்பலகைக்குள் ஓர் இலக்கண வகுப்பு

'இணையம்' என்னும் சொல்லை நாம் நாள்தோறும் பயன்படுத்துகிறோம். வருகைப் பதிவு முதல் தேர்வு வினாத்தாள் வரை எல்லாமே அதன் வழியாகத்தான் நடக்கின்றன. இச்சொல்லைத் தமிழுக்குத் தந்தவராக அறியப்படுபவர் சிங்கப்பூரைச் சேர்ந்த நா. கோவிந்தசாமி (1946–1999). சிறுகதை எழுத்தாளரான இவர், அந்நாட்டின் தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களுக்குத் தமிழ் பயிற்றுவித்த விரிவுரையாளர். தமிழ்க் கணிமையின் முன்னோடிகளுள் ஒருவர் நம் தொழிலைச் சேர்ந்தவர் என்பது நமக்குப் பெருமை.

1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் இணையத்தில் வெளியாயின. தமிழ்ப் பகுதி ஏறியதற்குப் பின்னால், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டான் டின் வீயுடன் இணைந்து கோவிந்தசாமி செய்த உழைப்பு இருந்தது. 'கணியன்' என்னும் தமிழ் மென்பொருளையும் அவர் உருவாக்கினார்.

அக்காலத்தில் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. ஒரு கணினியில் தட்டிய கடிதம் இன்னொரு கணினியில் புரியாத குறிகளாகத் தெரியும். விசைப்பலகைகளும் பலவகை. இதைப் பேசித் தீர்க்க 1997 மே மாதம் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாட்டை அவர் கூட்டினார். அந்தப் பேச்சு 1999 பிப்ரவரியில் சென்னை மாநாட்டில் தொடர்ந்தது. அதன் பயனாகத் 'தமிழ்99' விசைப்பலகையை அவ்வாண்டு ஜூனில் தமிழ்நாடு அரசு தரப்படுத்தியது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, மே மாதத்தில், கோவிந்தசாமி காலமாகியிருந்தார்.

தமிழ்99-இன் அடிப்படை எளியது. உயிர் 12, மெய்வரிசை 18, புள்ளி 1 என 31 விசைகள் போதும். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்வரிசையில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கம். 'க' தட்டி 'இ' தட்டினால் 'கி'. ஒரே எழுத்தை இருமுறை தட்டினால் முதலாவது தானே புள்ளி பெறும். 'ண' தட்டி 'ட' தட்டினால் 'ண்ட' என வரும். ங்க, ஞ்ச, ந்த, ம்ப, ன்ற ஆகியவையும் அப்படியே.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியில் என் ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு இதை ஊர்ப் பெயரை வைத்தே கற்பிக்கிறேன். 'வில்லிபுத்தூர்' என்பதற்கு வ, இ, ல, ல, இ, ப, உ, த, த, ஊ, ர, புள்ளி எனப் பன்னிரண்டு தட்டல்கள். கணினிகள் போதாதபோது, அட்டையில் 31 கட்டங்கள் வரைந்து விரலால் தட்டச் செய்கிறேன். "ட-வுக்கு முன்னாடி ண தான் வரும்னு கம்ப்யூட்டருக்கு எப்படி ஐயா தெரியும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அன்று இன எழுத்துகள் பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கினேன்.

இன்று ஒருங்குறி வந்து குறியேற்றச் சிக்கல் தீர்ந்துவிட்டது. ஆனால் பிள்ளைகள் ஆங்கில எழுத்துகளில் தமிழைத் தட்டுகிறார்கள். அல்லது கைப்பேசியிடம் பேசி எழுத வைக்கிறார்கள். இரண்டிலும் பரிந்துரைப் பட்டியலில் வருவதைத் தொட்டால் வேலை முடிந்துவிடுகிறது. 'பள்ளி'யா 'பல்லி'யா, 'மனம்' எழுத எந்த 'ன' என்று அவர்கள் யோசிக்க வேண்டியதில்லை. தமிழ்99-இல் ஒவ்வோர் எழுத்தையும் அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவதை விரல்கள் பழகுகின்றன.

இதற்குத் தனிப் பாடவேளை தேவையில்லை. உயர் தொழில்நுட்ப ஆய்வகத்துக்குச் செல்லும் நாளில் பத்து நிமிடம் ஒதுக்கலாம். முதல் வாரம் தம் பெயர், அடுத்த வாரம் ஊர்ப் பெயர், பிறகு ஐந்து வரி சொல்வதெழுதுதல். கணினியில் தமிழ் தட்டும் தலைமுறையை உருவாக்கும் வேலையை ஓர் ஆசிரியர் தொடங்கி வைத்தார். அதைத் தொடர நமக்குத் தேவை 31 விசைகளும் பத்து நிமிடங்களும்தாம்.