வயித்துல புளியைக் கரைக்குதா?

வைவாவுக்கு உங்க ரோல் நம்பர் வர இன்னும் ரெண்டு பேர்தான் பாக்கி. திடீர்னு வயித்தைக் கலக்குது. "வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி இருக்கு"ன்னு நம்ம ஊர்ல சொல்றது சும்மா பேச்சுக்கு இல்லீங்க. பயத்துக்கும் வயித்துக்கும் நிஜமாவே நேரடி லைன் இருக்கு.

நம்மில் பலருக்கு இது வைவாவோட முடிஞ்சிடும். சிலருக்கு முடியாது. வாரத்துக்கு ஒரு நாளாவது வயித்துவலி, மலம் போகிற தடவையிலும் தன்மையிலும் மாற்றம், இது மாசக்கணக்கா தொடர்ந்தா டாக்டர்கள் சந்தேகப்படுறது ஐ.பி.எஸ். போலீஸ் இல்லை, 'இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்'!

குடலுக்குள்ள ஒரு நெட்வொர்க்

குடல் சுவருக்குள்ள மட்டும் பத்து கோடிக்கும் மேல நரம்பணுக்கள் இருக்கு. மூளை உத்தரவு போடாமலே செரிமானத்தை நடத்துற அளவுக்கு இதுக்குத் திறமை உண்டு. இதை மூளையோட இணைக்கிற முக்கியமான கேபிள் வேகஸ் நரம்பு. ஆச்சரியம் என்னன்னா, அதுல பெரும்பாலான இழைகள் வயித்துலேர்ந்து மூளைக்குச் செய்தி கொண்டு போறவைதான்.

1822-ல் அமெரிக்காவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவர் வயித்துல குண்டு பாய்ஞ்சுது. பிழைச்சார், ஆனா ஓட்டை மூடவே இல்லை. அது வழியா இரைப்பையைக் கவனிச்ச ராணுவ மருத்துவர் வில்லியம் போமாண்ட், அவர் கோபப்படும்போது செரிமானமும் மாறுதுன்னு குறிச்சு வெச்சார்.

நம்ம பாஷையில சொன்னா இது ஒரு ஃபீட்பேக் லூப். ஐ.பி.எஸ். உள்ளவங்களுக்கு சென்சாரோட கெயின் எகிறியிருக்கும். மத்தவங்க கவனிக்காத சாதாரண வாயு கூட அவங்களுக்கு வலி. வலி வந்தா பதட்டம், பதட்டம் வந்தா குடலோட இயக்கம் மாறும், திரும்பவும் வலி.

"ரிப்போர்ட் நார்மல், எல்லாம் மனசுதான்"

ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் நார்மல்னு வந்ததும் வீட்டுல சொல்ற வசனம் இது. ஹார்டுவேர்ல பழுது இல்லைங்கறதுக்காக சிக்னல் சரியா போகுதுன்னு அர்த்தமா? வலி கற்பனை இல்லை, நிஜம்.

வலியை விடப் பெரிய இழப்பு இன்னொண்ணு. பஸ்ல பிரச்சினை வருமோன்னு காலையில சாப்பிடாமலே கிளம்புறது, ஐ.வி.-ன்னா "நான் வரலடா"ன்னு ஒதுங்குறது, வெளியில சொல்லக் கூச்சப்படுறது. இதை அளக்கவே 34 கேள்விகள் கொண்ட தனி வினாத்தாள் இருக்கு. குரோன்ஸ், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் மாதிரி குடல் அழற்சி நோய்களுக்கும் 32 கேள்வி வினாத்தாள் உண்டு. மனநிலையும் வெளியில பழகுறதும் அதுலயும் கேட்கப்படும்.

என்ன செய்யலாம்?

மலத்துல ரத்தம், காரணமில்லாம எடை குறையறது, காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்புற வலி, இதுல எது இருந்தாலும் கூகுளை மூடிட்டு உடனே டாக்டரைப் பாருங்க. அது ஐ.பி.எஸ்.-ஆ இல்லாமலும் இருக்கலாம்.

ஐ.பி.எஸ்.-தான்னு உறுதியானா வழிகள் நிறைய இருக்கு. வெங்காயம், பூண்டு, கோதுமை, பால் சிலருக்கு ஒத்துக்காது. எதுன்னு உணவு நிபுணரோட சேர்ந்து கண்டுபிடிக்கணும், நீங்களா எல்லாத்தையும் நிறுத்தக் கூடாது. சி.பி.டி. என்கிற பேச்சு சிகிச்சை அந்த லூப்பை உடைக்க உதவும். மனச்சோர்வு மாத்திரையைக் குறைஞ்ச அளவில் டாக்டர் எழுதிக் கொடுத்தா மிரளாதீங்க. குடலுக்கும் மூளைக்கும் நடுவுல போற வலி சிக்னலை அது குறைக்கும். மனசு ரொம்ப பாரமா இருந்தா டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும். தமிழ்லயே பேசலாம்.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கறோம். மெஸ்ஸுல பாதி சாப்பாட்டுல எழுந்து ஓடுற நண்பனுக்குப் பட்டப்பேர் வைக்காதீங்க. அடுத்த தடவை பஸ்ஸை அஞ்சு நிமிஷம் நிறுத்தச் சொல்ல அவன் கூச்சப்பட்டா, அவனுக்காக நீங்க கேளுங்க.