அறுவைக் கூடத்திலிருந்து நாடாளுமன்றத்திற்கு

தொண்டூழியம் என்றதும் நமக்கு முதலில் என்ன நினைவுக்கு வருகிறது? முதியோர் இல்லத்தில் பாட்டுப் பாடியது, கடற்கரையில் குப்பை பொறுக்கியது, கொடி நாளன்று எம்ஆர்டி நிலைய வாசலில் நன்கொடை டப்பாவோடு நின்றது. பள்ளிக்காலத்தின் அந்த மணிநேரங்கள் சான்றிதழ்க் கோப்பில் பத்திரமாக இருக்கும். அதன் பிறகு? "முதல்ல படிச்சு முடி, நல்ல வேலைக்குப் போ, சேவையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள் பெரியவர்கள். என் வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள்.

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு தாதிமை படிக்கிறேன். சென்ற பருவத்தில் மாதர் சாசனம் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அதற்காகப் படிக்கும்போதுதான் டாக்டர் கன்வல்ஜித் சோயினின் பெயர் கண்ணில் பட்டது. படிப்பு, வேலை, சேவை என்று நாம் தனித்தனிப் பெட்டிகளில் போட்டு வைப்பதை எல்லாம் ஒன்றாகக் கலந்து வாழ்ந்தவர் அவர்.

சிறுவயதில் குடும்பத்துடன் இந்தியாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தவர் சோயின். இங்கேயே மருத்துவம் பயின்று, எலும்பு, கை அறுவை சிகிச்சை நிபுணரானார். அந்தக் காலத்தில் அந்தத் துறையில் பெண்கள் மிகச் சிலரே. அதுவே பெரிய சாதனைதான். ஆனால் அவருடைய கதை அதோடு நிற்கவில்லை.

1983ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ குவான் யூ, பட்டதாரிப் பெண்கள் பலர் திருமணம் செய்யாமல் இருப்பதையும் குறைவாகப் பிள்ளை பெறுவதையும் நாட்டின் பிரச்சினையாக முன்வைத்தார். நாடெங்கும் சூடான விவாதம் எழுந்தது. மறு ஆண்டு பெண்கள் நிலை குறித்து ஒரு கருத்தரங்கு நடந்தது. பேசிவிட்டுக் கலைந்து போக அதில் பங்கேற்ற பெண்கள் சிலருக்கு மனமில்லை. 1985இல் 'அவேர்' அமைப்பு பிறந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் சோயின். அப்போது அவர் நாற்பதைத் தாண்டியிருந்தார். தொழிலில் நிலைபெற்ற அறுவை மருத்துவர்.

அப்படியென்றால் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று வீட்டில் சொல்வதுதான் சரியா? முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தொடர்ந்து படித்தபோது வேறொன்று புரிந்தது. அவர் மருத்துவத்தை விட்டுவிட்டுச் சமூக சேவைக்கு வந்தவர் அல்லர். நோயாளியைப் பார்த்துக்கொண்டே சமூகத்தையும் பார்த்தவர்.

தோற்றும் வென்ற மசோதா

1991 முதல் 1993 வரை சோயின் அவேரின் தலைவராக இருந்தார். பெண்களுக்கான உதவித் தொலைபேசிச் சேவையை அவ்வமைப்பு தொடங்கியதும் 1991இல்தான். ஒரு அழைப்பை எடுத்து ஆறுதல் சொல்வது ஒருவருக்குச் செய்யும் உதவி. அழைப்புகள் ஏன் வந்துகொண்டே இருக்கின்றன என்று கேட்பது அடுத்த படி.

அந்த அடுத்த படிக்கு வாய்ப்பு 1992இல் வந்தது. சிங்கப்பூரின் முதல் பெண் நியமன நாடாளுமன்ற உறுப்பினராக அவர் நியமிக்கப்பட்டார். இந்த உறுப்பினர்களுக்குத் தொகுதி கிடையாது, கட்சி கிடையாது. அரசமைப்புத் திருத்தம், வரவுசெலவுத் திட்டம் போன்றவற்றில் வாக்களிக்கவும் முடியாது. ஆனால் கேள்வி கேட்கலாம், விவாதிக்கலாம், மசோதா ஒன்றைக் கொண்டுவரவும் செய்யலாம். அமைச்சராக இல்லாத ஒருவர் மசோதா கொண்டுவருவது இங்கே அபூர்வம்.

அந்த அபூர்வத்தை அவர் செய்தார். 1995இல் குடும்ப வன்முறை மசோதாவை நாடாளுமன்றத்தில் முன்வைத்தார். விவாதம் நடந்தது. மசோதா தோற்றது. இத்தனைக்கும் அதே ஆண்டு, இன்னொரு நியமன உறுப்பினரான வால்டர் ஊன் கொண்டுவந்த பெற்றோர் பராமரிப்பு மசோதா நிறைவேறியது.

சோயின் இடத்தில் நாம் இருந்தால் என்ன நினைத்திருப்போம்? இவ்வளவு உழைப்பும் வீண் என்றுதானே? ஆனால் மறு ஆண்டே, 1996இல், மாதர் சாசனம் திருத்தப்பட்டது. திருத்தம் 1997இல் நடப்புக்கு வந்தது. குடும்ப வன்முறை என்றால் அடிப்பது மட்டுமல்ல, அச்சுறுத்துவதும் தொடர்ந்து தொல்லை கொடுத்து மனத்தை நோகடிப்பதும் அதில் அடங்கும் என்று சட்டம் விரிந்தது. மனைவி, பிள்ளைகளுக்கு அப்பால் பெற்றோர், உடன்பிறந்தோர், மாமனார் மாமியார் ஆகியோரும் பாதுகாப்பு ஆணை கேட்க வழி பிறந்தது. தோற்ற மசோதா எழுப்பிய கருத்துகள் பல இன்னொரு கதவு வழியாக உள்ளே வந்துவிட்டன. மசோதாவில் அவர் பெயர் இல்லாமல் போயிருக்கலாம். இன்று பாதுகாப்பு ஆணையோடு நிம்மதியாகத் தூங்கும் ஒரு தாய்க்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

தனக்குப் பின் வருபவர்களுக்காக

மாணவர்களான நமக்கு இன்னும் நெருக்கமான விஷயம் ஒன்று உண்டு. 1979 முதல் இங்குள்ள மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம்தான் என்ற வரம்பு இருந்தது. எவ்வளவு நல்ல மதிப்பெண் பெற்றாலும் அதற்கு மேல் பெண்களைச் சேர்க்கமாட்டார்கள். சோயின் படித்து முடித்தது அந்த வரம்பு வருவதற்கு வெகுகாலம் முன்பு. அதனால் அவருக்கு எந்த இழப்பும் இல்லை. இருந்தும் அவரும் அவேரும் அதை எதிர்த்துப் பேசிக்கொண்டே இருந்தார்கள். வரம்பை நீக்கும் முடிவு 2002இல்தான் வந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேல்! மருத்துவம் படிக்கும் என் தோழிகள் பலருக்கு இப்படி ஒரு விதி இருந்ததே தெரியாது.

வயதான பிறகும் அவர் ஓயவில்லை. மூத்த பெண்கள் உடல்நலத்தோடும் பணப் பாதுகாப்போடும் முதுமையைச் சந்திக்க உதவும் 'விங்ஸ்' அமைப்பை 2007இல் தொடங்கியதிலும் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு.

என் சனிக்கிழமைகள்

இதையெல்லாம் படித்த பிறகு என் சொந்தத் தொண்டூழியத்தைப் பார்க்கும் விதம் மாறியது. சனிக்கிழமை காலைகளில் எங்கள் வட்டாரத்து மூத்தோர் நிலையத்திற்குப் போகிறேன். அங்கு வரும் தமிழ்ப் பாட்டிகள் தங்கள் மருத்துவக் கடிதங்களை என்னிடம் நீட்டுவார்கள். கடிதம் ஆங்கிலத்தில் இருக்கும். நான் வாசித்துச் சொல்வேன். "ரத்தம் எடுக்குறதுக்கு முன்னாடி சாப்பிடக் கூடாதுன்னா, டீயும் குடிக்கக் கூடாதாம்மா?" என்று ஒரு பாட்டி கேட்டார். பால் டீ குடித்துவிட்டுப் போனதால் அவரை இன்னொரு நாள் வரச் சொல்லியிருந்தார்கள். சக்கர நாற்காலியில் மீண்டும் ஒரு பயணம்.

அடுத்த சில வாரங்களில் இதே கேள்வியை வேறு பாட்டிகளும் கேட்டார்கள். நானும் வகுப்புத் தோழிகள் இருவரும் சேர்ந்து, ரத்தப் பரிசோதனைக்கு முன் எதைச் சாப்பிடலாம், எதைக் கூடாது, தண்ணீர் குடிக்கலாமா என்பதைப் பெரிய எழுத்தில் ஒரே பக்கத்தில் தமிழ், மலாய், சீன மொழிகளில் எழுதினோம். எங்கள் விரிவுரையாளர் சரிபார்த்துத் தந்தார். இப்போது அது நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. கடிதத்தோடே இப்படி ஒரு தாளை அனுப்பலாமே என்று மருந்தகத்திற்கும் எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் மீண்டும் எழுதுவோம்.

இது சட்டத்திருத்தம் அல்ல, ஒரு தாள்தான். ஆனால் தாதிமை படிப்பதால்தான் அந்தத் தாளில் என்ன எழுதவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. தமிழ் தெரிந்ததால்தான் பாட்டி என்னிடம் கேட்டார். படிப்பு முடியும்வரை காத்திருந்தால் இந்த இரண்டும் அந்தச் சனிக்கிழமை அங்கே இருந்திருக்காது.

நண்பர்களே, நீங்கள் கணக்கியல் படிக்கலாம், பொறியியல் படிக்கலாம், இன்னும் உயர்நிலை மூன்றில் இருக்கலாம். அடுத்த முறை தொண்டூழியத்திற்குப் போகும்போது இரண்டு கேள்விகளை எடுத்துச் செல்லுங்கள். இந்த உதவி ஏன் திரும்பத் திரும்பத் தேவைப்படுகிறது? எனக்குத் தெரிந்த எது இங்கே பயன்படும்? விடை உடனே கிடைக்காது. மருத்துவக் கல்லூரி வரம்பை நீக்கவே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. நமக்கு இருபது வயதுதானே ஆகிறது, நேரம் இருக்கிறது. கேள்வியை மட்டும் இப்போதே தொடங்கிவிடுவோம்.